லிந்துலையில் வீடு, லண்டனில் வேலை: தூரத்திலிருந்து கணக்கு நடத்துவது

வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு இலங்கை மலையகத்தின் லிந்துலைப் பக்கம் ஒரு விடுமுறை வீட்டை வைத்திருப்பவர் அந்த வீட்டில் படுத்து எழும்புவது வருடத்தில் சில வாரங்கள்தான். மிச்ச நாளெல்லாம் கரண்ட் பில், நகர சபை வரி, காவலுக்கு இருப்பவரின் சம்பளம், மழைக்கு ஒழுகும் கூரை என்று அது செலவாகவே வந்துகொண்டிருக்கும். பாரிஸிலோ டொரன்டோவிலோ இருந்துகொண்டு அந்தச் செலவை ஒழுங்காகக் கொண்டுபோவதற்கு வங்கி வேலை பாதி என்றால், ஆள் வேலை மறு பாதி.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதியின் இருபுறமும் தேயிலைதான். இந்த நிலத்தில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். 1992இல் அதன் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. ஆகவே தனியார் விலைக்கு வாங்கக்கூடிய வீடுகள் நகர எல்லைக்குள்ளும், வீதியோரத் தனியார் காணிகளிலும், சிறு தேயிலைத் தோட்டங்களிலும்தான் இருக்கின்றன. வைத்திருப்பவர்களும் பலவிதம். தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் உழைத்து, கனடா போனவர்கள் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போய், நீலகிரியிலும் கூடலூரிலும் வேர்விட்ட குடும்பங்களில் இங்கே இன்னும் உரித்து உள்ளவர்கள் உண்டு. குளிருக்காக ஒரு வீடு தேடிய யாழ்ப்பாணத்து, கொழும்புக் குடும்பங்களும் உண்டு.

தூரத்திலிருந்து சொத்தை நடத்துவது இந்த மலைக்குப் புதிது இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இங்குள்ள தோட்டங்கள் பலவற்றின் சொந்தக்காரர்கள் லண்டனில் இருந்தார்கள். ஸ்டெர்லிங் கம்பனிகள் என்று அவற்றுக்குப் பெயர். பங்குதாரர்களில் பலர் தங்கள் தோட்டத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. தோட்டத்தை நடத்தியவர் துரை. அவருக்குக் காசு அனுப்பி, உரமும் அரிசியும் வாங்கிக் கொடுத்து, தேயிலையை விற்று, கணக்கை லண்டனுக்கு அனுப்பியது கொழும்பிலிருந்த ஏஜென்சி நிறுவனம். 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் அவற்றில் பழையது. இந்த இரண்டு பேருக்கும் மேலே மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவரை விசிட்டிங் ஏஜென்ட் என்பார்கள். அவர் காலத்துக்குக் காலம் தோட்டத்துக்கு வந்து, மலையைச் சுற்றிப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டி, தன் அறிக்கையைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்.

செலவு செய்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர், பார்த்துச் சொல்பவர் மூன்றாமவர். தொழிலாளியின் வியர்வையை உறிஞ்சி எழுந்த அமைப்பு அது, அதைப் புகழ எதுவும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தவர்களின் காசு கைதவறாமல் இருந்ததற்கு அந்த மூன்று பிரிவுதான் காரணம். இன்று வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் மூன்று வேலையையும் ஒரே மச்சானின் தலையில் கட்டிவிடுகிறார்கள். காசு அவருடைய கணக்குக்குத்தான் போகும், செலவு செய்பவர் அவர், “எல்லாம் சரி” என்று வாட்ஸ்அப்பில் சொல்பவரும் அவரே. குடும்பங்கள் முறிவது இங்கேதான். பல வேளைகளில் அந்த மச்சான் ஒரு சதமும் எடுத்திருக்க மாட்டார். கணக்கு என்று ஒன்று இல்லாததால் அதை நிரூபிக்க வழியில்லாமல் நிற்பார்.

மலையில் வங்கி வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. அந்த வங்கியின் நோட்டுகளை மக்கள் கையில் வைத்துக்கொண்டு திகைத்தபோது, ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதே 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. அடுத்த வருடம் நானுஓயாவைத் தொட்டது. ஓரியன்டல் வங்கி மூடி நான்கு வருடம் கழித்து, 1888இல், ஹட்டன் பாங்க் பிறந்தது. 1970இல் அது ஹட்டன் நெஷனல் பாங்க் ஆனது. இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் அந்த வங்கியின் தொடக்கம் தேயிலைத் தோட்டங்களின் கொடுக்கல் வாங்கல்தான்.

இப்போது நடைமுறைக்கு வரலாம். முதலில் தீர வேண்டியது வீடு யாருடைய பெயரில் இருக்கலாம் என்பது. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை மட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் இங்கே காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தொடர்மாடியில் நான்காம் மாடியும் அதற்கு மேலும் விலக்கு உண்டு என்றாலும் லிந்துலையில் அது பேச்சுக்குக்கூட உதவாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தாய் தகப்பன் வழியில் உரிமையாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் மட்டும் பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் இலங்கைப் பிரஜைதான். அவருக்கு எந்தத் தடையும் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்பதால், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் வீடு வாங்கப் பேச்சுவார்த்தை தொடங்குவது வீண்.

இந்தத் தடையைச் சுற்றிப்போக அக்காவின் பெயரிலோ சிநேகிதரின் பெயரிலோ உறுதி எழுதுவது ஊரில் சர்வசாதாரணம். உறுதியின்படி அந்த வீடு அக்காவுடையது, காசு அனுப்பியவருடையது அல்ல. அக்காவுக்குப் பிறகு அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அதை யாரும் துரோகம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது வங்கிக் கணக்கு. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். அதற்குப் பிறகு வதிவற்றோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற என்.ஆர்.எப்.சி. போன்ற பழைய கணக்குகள் போய், தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற பி.எப்.சி.ஏ. வந்தது. வீடு வைத்திருப்பவருக்கு இதைவிட முக்கியமானது உள்முக முதலீட்டுக் கணக்கு. வங்கியில் ஐ.ஐ.ஏ. என்றால்தான் உடனே விளங்கும். வெளிநாட்டில் வசிக்கும் இலங்கையரும், இரட்டைக் குடியுரிமையாளரும், வெளிநாட்டவரும் இதைத் திறக்கலாம். வீடு வாங்கும் காசு வெளியிலிருந்து இந்தக் கணக்குக்குள் வந்து, இதிலிருந்து விற்பவருக்குப் போனால், பின்னொரு நாள் வீட்டை விற்கும்போது கிடைக்கும் பணம், வரி கட்டிய பிறகு, அதே வழியில் வெளியே போகலாம். காசு வந்த வழிதான் போகும் வழி. வாங்கும் நேரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் காசைப் போட்டு வீட்டை வாங்கி, பதினைந்து வருடம் கழித்து விற்றுவிட்டு, ரூபாவை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். வங்கி தரும் உள்வரவுச் சான்று, ஒவ்வொரு பரிமாற்றத் துண்டு எல்லாவற்றையும் உறுதியோடு ஒரே கோப்பில் வைக்க வேண்டும்.

முதலுக்கு ஐ.ஐ.ஏ., மாதச் செலவுக்கு வேறொரு ரூபாக் கணக்கு என்று பிரிப்பது நல்லது. செலவுக் கணக்கு தலவாக்கலையிலோ ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கிளை உள்ள வங்கியில் இருந்தால், ஏதாவது கையெழுத்து வேண்டிவரும்போது ஊரில் உள்ளவர் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் ஆறு மாதச் செலவுக்கு மேல் தேங்க விடக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாவை ஒட்டி நின்ற விலை, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பத்து வருடச் செலவை ரூபா நிலையான வைப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு, வெளிநாட்டுக் காசுக் கணக்கில் பாதிக்குக் கிட்டப் போயிற்று. மாதாமாதம் அனுப்பியவருக்கு அதே வருடம் அனுப்பும் தொகை குறைந்தது. வைப்பு வட்டியில் பிடிக்கும் வரியும் 2023 ஜனவரியில் 5 சதவீதமாக வந்து, 2025 ஏப்ரலில் 10 சதவீதமாகிவிட்டது.

வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2021 கடைசியில் வங்கி 200 ரூபா சொச்சம் கொடுத்தபோது உண்டியல்காரர் அதற்கு மேல் கொடுத்தார். குடும்பச் செலவுக்கு அனுப்புபவர் அந்தப் பக்கம் சாய்ந்ததைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பானது. வீட்டுக்காகப் போகும் காசுக்கு அது இரட்டை நட்டம். உண்டியலில் வந்த காசுக்கு உள்வரவுச் சான்று இல்லை. சான்று இல்லாத காசு நாட்டுக்குள் வந்ததாகவே கணக்கில் வராது. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பில்களில் முதலாவது கரண்ட். மின் கட்டணப் பட்டியலில் பத்து இலக்கக் கணக்கு எண் ஒன்று இருக்கும். அந்த எண் தெரிந்தால் உலகத்தில் எங்கிருந்தும் வங்கிச் செயலி வழியாகக் கட்டலாம். சிக்கல் கட்டுவதில் வருவதில்லை. வாசிப்பவர் வரும் நாளில் கேற் பூட்டியிருந்தால் சிக்கல் தொடங்கும். மீற்றர் உள்ளே இருக்கும் பழைய பங்களாக்களில் இது அடிக்கடி நடக்கும். அப்படியான மாதம் மதிப்பீட்டில் பட்டியல் வரும், பிறகு மூன்று நான்கு மாதத்துக்குச் சேர்த்து ஒரு பெரிய தொகை வரும். மீற்றரை வெளிச்சுவருக்கு மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிப்பது ஒருமுறைச் செலவு, நீண்ட நாள் நிம்மதி.

வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் கவனிக்க வேண்டிய கோடு 60 அலகு. மாதப் பாவனை 60க்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணை, நிலையான கட்டணமும் கூடும். பூட்டிய வீட்டில் ஃபிரிஜ், வைஃபை பெட்டி, வெளி லைட் மட்டும் ஓடினால் கோட்டுக்குள் நிற்கலாம். சுடுதண்ணீர் கீசரை யாரோ அணைக்க மறந்தால் போயிற்று. லிந்துலைக் குளிரில் கீசர் சும்மா இருப்பதில்லை. ஆளில்லாத வீட்டிலும் தண்ணீர் ஆற ஆற அது சூடாக்கிக்கொண்டே இருக்கும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் கட்டணம் ஏறியபோது பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் அதிர்ச்சியான பட்டியல்கள் வந்தன. 2024இலும் 2025 ஜனவரியிலும் குறைந்தது. 2025 ஜூனில் 15 சதவீதம் ஏறியது. ஆகவே “மாதம் இவ்வளவு” என்று ஒரே தொகையை நிலையான கட்டளையாகப் போட்டுவிட்டு மறப்பது சரிவராது. சில வங்கிகள் பட்டியல் தொகையைப் பார்த்து அதன்படி கட்டும் வசதி தருகின்றன. அது இல்லையென்றால் சற்றுக் கூடுதலாகவே கட்டி வைக்கலாம். மேலதிகம் அடுத்த மாதத்துக்கு வரவாக நிற்கும்.

தண்ணீர் இடத்துக்கு இடம் வேறு. சில வீடுகளுக்கு நீர் வழங்கல் சபையின் இணைப்பு, சிலவற்றுக்கு உள்ளூராட்சியின் குழாய், இன்னும் சிலவற்றுக்கு மலையிலிருந்து வரும் ஊற்று நீர். ஊற்று நீருக்குப் பில் இல்லை. ஆனால் குழாய் உடைந்தால் திருத்துவது பாவிப்பவர்களின் பொறுப்பு. அக்கம்பக்கத்தார் சேர்த்துப் போடும் அந்தச் செலவில் வெளிநாட்டு வீட்டுக்காரர் பங்கு கொடுக்காமல் விட்டால் ஊரில் பெயர் கெடும். இன்டர்நெட், டிவி இணைப்புகளை ஆளில்லாத மாதங்களில் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்பது நல்லது. வீட்டில் கமரா இருந்தால் இன்டர்நெட்டை விட முடியாது.

பலர் கோட்டை விடுவது மதிப்பீட்டு வரியில். வீடு தலவாக்கலை–லிந்துலை நகர சபை எல்லைக்குள் இருந்தால் அந்தச் சபைக்கு. வெளியே இருந்தால் நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை போன்ற பிரதேச சபைகளில் எந்தச் சபையின் எல்லையில் காணி விழுகிறதோ அதற்கு. கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் நுவரெலியாவிலிருந்து பிரிந்த புதிய சபைகள் என்பதால் பழைய பற்றுச்சீட்டில் உள்ள சபையும் இன்றைய சபையும் வேறாக இருக்கலாம். வரி காலாண்டுக்கு ஒருமுறை. முழு வருடத் தொகையை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். தொகை கரண்ட் பில்லோடு பார்த்தால் சின்னது. அதனால்தான் மறந்துபோகிறது. நிலுவை வளர்ந்தால் வாரண்ட் செலவு சேரும், பிறகு அசையும் பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் வரை போகும். அதைவிட முக்கியம், வரிப் பற்றுச்சீட்டு யார் பெயரில் வருகிறது என்பது. சொத்து கைமாறிய உடனே சபையின் பதிவேட்டில் பெயரை மாற்றி, கட்டிய ஒவ்வொரு சீட்டையும் சொந்தக்காரரே வைத்திருக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

இணையத்தில் எல்லாம் கட்டலாம் என்று ஆனபிறகும் ஒரு சின்னப் பொருளில் எல்லாம் தொங்குகிறது: சிம் கார்ட். இலங்கை வங்கிகளின் ஓடிபி இலங்கை எண்ணுக்கு வருகிறது. அந்த எண்ணை ரீலோட் செய்யாமல் விட்டால் இணைப்பு அறுந்து, எண் வேறொருவருக்குப் போய்விடலாம். ரோமிங் போட்டு, மாதம் ஒருமுறையாவது பாவித்து, உயிரோடு வைத்திருக்க வேண்டும். வங்கி ஏற்றுக்கொண்டால் வெளிநாட்டு எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. சிம்மை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிபியைப் போனில் கேட்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்குச் சமம். கணக்கும் அப்படியே: கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடந்தால் வங்கி அதைச் செயலற்றதாக்கும். பத்து வருடம் அசையாமல் இருந்தால் பணம் மத்திய வங்கிக்குப் போகும். பிறகு உரிமை கோரி எடுக்கலாம்தான், ஆனால் அலைச்சல்.

ஆள் வேலைக்கு வந்தால், பழைய மூன்று பிரிவை இன்றைய அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். பில்களையும் சம்பளத்தையும் சொந்தக்காரரே தன் செயலியிலிருந்து நேரே கட்டுவது. வீட்டில் இருப்பவர் கையில் சில்லறைச் செலவுக்கு மட்டும் ஒரு சிறிய தொகை, அதற்கு ஒரு கொப்பி, சீட்டுகளின் படம். வீட்டோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத மூன்றாமவர் ஒருவர், அதாவது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ நகரத்துக் கணக்காளரோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுவது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்குமுன் ஒரு பார்வை, செப்டெம்பருக்குப் பிறகு ஒரு பார்வை: கூரை, பீலி, பின்பக்க மண்மேடு. நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு எப்போதும் உள்ள ஆபத்து. வீட்டுக்கு மேலுள்ள சரிவில் வெடிப்புத் தெரிந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருப்பவர். தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக ஆனது. அப்படியான குடும்பத்துக்கு, வெளிநாட்டு வீட்டுக்காரரின் காசு ஒரு வாரம் தாமதித்தால் கடைக் கடன் ஏறும். ஆகவே நிலையான கட்டளையில் முதலாவதாகப் போக வேண்டியது அவருடைய சம்பளம். அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு, குறித்த திகதியில், மச்சானின் கை வழியாகப் போகாமல். வருடத்துக்கு ஒருமுறை கூட்டித் தருவதும், தீபாவளிக்கு முன்பணம் கொடுப்பதும் மலையகத்தில் எழுதாத முறை. அதை மதிப்பதே சரி.

வங்கியிலோ சபையிலோ கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமென்றால் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் “பவர் கொடுப்பது” என்பார்கள். வெளிநாட்டில் எழுதுவதை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிசெய்து, பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைப் பொதுவாக எழுதாமல், “இன்ன வீட்டின் பில் கட்ட, வரி கட்ட, இணைப்பு மாற்ற” என்று வேலையைக் குறித்து எழுதுவது நல்லது. விற்கும் அதிகாரத்தை வேண்டாத நேரத்தில் கொடுக்கக்கூடாது.

நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் வீட்டை வாடகைக்கு விட்டால் கணக்கு மாறும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு, மின்சாரத்தில் கட்டண வகை, உள்நாட்டு இறைவரியில் வருமானம் மூன்றும் சேர்ந்து வரும். வரி இலக்கம் எடுத்தே ஆக வேண்டும். வசிக்கும் நாட்டுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். கனடாவில் சொந்தப் பாவனைக்கான விடுமுறை வீடு டி1135 படிவத்தில் வராது. ஆனால் வாடகைக்கே விட்டிருந்தால் வரும், வங்கிக் கணக்கும் வரும், மொத்தச் செலவு ஒரு லட்சம் கனேடிய டொலரைத் தாண்டினால். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுச் சொத்தையும் கணக்கையும் வருமானவரி அறிக்கையில் காட்ட வேண்டும். ரிசர்வ் வங்கியின் தாராள அனுப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருடத்துக்கு 2,50,000 டொலர் வரை அனுப்பலாம். 2024 பெப்ரவரியில் வந்த யூபிஐ, இலங்கைக்கு வரும் இந்தியர் கடையில் கட்டத்தான் உதவும், வீட்டுப் பில்லுக்கு அல்ல.

வரிச் சீட்டை ஏன் சொந்தக்காரர் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டம் பதில் சொல்லும். ஒருவர் வேறொருவரின் காணியைச் சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால், அதற்கு உரிமை கோரி வழக்காடலாம். வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீடு அதற்கு ஏற்ற இடம். வரிச் சீட்டும் அப்படி ஆள்பவரின் கையில் இருந்தால் அது அவர் பக்கத்துச் சான்றாகிவிடும். உறவினரை “சும்மா இருக்கட்டும்” என்று குடியமர்த்தினால், அவர் அனுமதியோடு இருக்கிறார் என்று ஒரு கடிதம், பெயரளவுக்காவது ஒரு வாடகை, அது வங்கி வழியாக வருவது என்ற மூன்றும் இருக்க வேண்டும். யுத்தத்தால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விலக்கு ஒன்றைத் தந்தது. அந்த விலக்கு விடுமுறை வீட்டுக்காரருக்குப் பொருந்தாது.

கடைசியாக, சொந்தக்காரரின் மரணம். அவர் கண்மூடியதும் அற்றோணித் தத்துவம் செல்லாமல் போகும். அதை வைத்து அதற்குப் பிறகு போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவருடைய தனிக் கணக்கு உறைந்து, அதிலிருந்து போன நிலையான கட்டளைகள் எல்லாம் நிற்கும். காவல்காரரின் சம்பளமும் அதில் ஒன்று. கணக்குக்கு நியமனதாரரைப் பதிந்திருந்தால் அந்தப் பணம் அவரிடம் போகும். வீடு அப்படிப் போகாது. மரண சாசனமோ வாரிசுரிமையோ மாவட்ட நீதிமன்றத்தின் வழியாகத் தீர வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும், சில வேளை வருடங்கள். அந்த இடைக்காலத்துக்குப் பில்லும் வரியும் சம்பளமும் கட்ட, கணவன் மனைவி இருவர் பெயரிலோ வளர்ந்த பிள்ளையோடு சேர்த்தோ ஒரு கூட்டுக் கணக்கு முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும். “எஞ்சியிருப்பவருக்கு” என்ற அறிவுறுத்தலை வங்கியில் எழுத்தில் கொடுத்திருக்கவும் வேண்டும்.